கடலுக்குப் போகிற தண்ணீர் வீணா?
(ஏரல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஆத்துத் தண்ணி வீணா கடலுக்குப் போகுது" என்று நாமே பல வருஷம் கோஷம் போட்டிருக்கிறோம். மழைக்காலத்து வெள்ளத்தைப் பார்த்து வயிறெரிந்து சொன்னது. ஆனால் கோடையிலும் ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே ஒரு சொட்டு போகக் கூடாது என்று நினைத்தால் நஷ்டம் நமக்குத்தான். அதைப் பேசத்தான் இன்னைக்குக் கூடியிருக்கோம்.

தாமிரபரணியில் கடைசி அணை ஸ்ரீவைகுண்டம். வடகாலும் தென்காலும் அங்கேதான் பிரியுது. மிச்சம் உள்ளது ஏரல், ஆத்தூர், முக்காணி தாண்டி புன்னைக்காயலில் கடலைச் சேருது. மேலே திருநெல்வேலி மாநகரத்துச் சாக்கடை ஆற்றில் கலப்பது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போன வழக்கு. நம்ம வாழைக்குப் போடுற யூரியாவும், தெளிக்கிற மருந்தும் வடிகால் வழியா அங்கேதான் போகுது. நாம ரொம்ப யோக்கியம்னு சொல்லிக்க முடியாது.

இதெல்லாம் போய்ச் சேருற இடத்தில் கண்டல் காடு நிக்குது. அலையாத்தி என்றும் சொல்வாங்க. உள்ளே கால் வைத்தால் சேறு இழுக்கும், அழுகின முட்டை வாடை அடிக்கும். மூக்கைப் பிடிக்கோம். ஆனா அங்கே வேலை நடக்குது.

மேல் சேற்றில் காற்று உண்டு. அங்கே நுண்ணுயிர்கள் சாக்கடைக் கசடைத் தின்னு கரைக்குது. வெண்கண்டல் மரம் ஈட்டி ஈட்டியா மூச்சுவேரை நீட்டி அடி வேருக்குக் காற்று கொண்டு போகுது. வயலில் மண்புழு செய்கிற வேலையை அங்கே நண்டு வளை தோண்டிச் செய்யுது. கொஞ்சம் கீழே போனால் காற்று கிடையாது. அங்கே இருக்கிற நுண்ணுயிர் வேறே. சில, உரத்தில் இருந்து வந்த நைட்ரேட்டை வெறும் நைட்ரஜன் காற்றாக்கி வானத்துக்கு அனுப்பிடும். சில, கடல் தண்ணியில் உள்ள சல்பேட்டை சல்பைடா மாத்தும். முட்டை வாடை அதில்தான் வருது. செம்பு, துத்தநாகம், ஈயம் எது வந்தாலும் அந்தச் சல்பைடு பிடித்துக் கருப்புச் சேற்றில் உட்கார வைத்துவிடும்.

அதுக்காக எதை வேணும்னாலும் கொட்டலாம் என்று ஆலைக்காரன் நினைக்கக் கூடாது. உலோகம் அழியலை, அடைபட்டுத்தான் கிடக்கு. அந்தச் சேற்றை வெட்டிக் கரையில் குவித்தால், காற்றுப் பட்டு அமிலமாகி உள்ளே இருந்தது வெளியே வந்துரும். பாதரசத்தில் இன்னும் வில்லங்கம்: அதே நுண்ணுயிர்களே அதில் ஒரு பங்கை மீனில் ஏறும் விஷமா மாத்திரும். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவினதே, அது மூச்சுவேரில் அப்பிக்கிட்டா மரம் எப்படி மூச்சு விடும்? சேற்று நுண்ணுயிர் எண்ணெயைத் தின்னும், ஆனா மெதுவாத் தின்னும்.

இந்த வேலைக்கு இரண்டு தண்ணி வேணும். கடல் ஏற்றமும் வேணும், ஆற்று நல்ல தண்ணியும் வேணும். வெறும் உப்பு ஏறினால் கண்டலே கூழையாகிப் பட்டுப்போகும். பிச்சாவரத்தில் காடு அழிந்து உப்புப் படிந்த தரையில், மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டித் தண்ணீர் ஏறி இறங்க விட்டார்கள். 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களும் சேர்ந்து செய்த வேலை. செத்த இடத்தில் மரம் வந்தது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஏரல் பாலம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அந்த மாதிரி ஒரே நாளில் அடித்துப் போகிற வெள்ளம் கண்டலுக்கு ஆகாது. தினம் கொஞ்சம் ஓடணும். ஆறு ஓடினால்தான் உப்பும் கடலோடு நிக்கும். இல்லேன்னா நம்ம கிணற்றில்தான் ஏறும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கின ஆத்தூர் வெற்றிலைக்கு உப்புத் தண்ணியையா பாய்ச்ச?

ஆகவே கேட்கிறோம்: ஸ்ரீவைகுண்டம் அணையில் தூரை முழுசா வாரணும். 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்த் தொடங்கின வேலை அது. தேங்குற தண்ணீர் கூடினால் நமக்கும் குறையாது, காயலுக்கும் ஒரு பங்கு வருஷம் பூரா விடலாம். சாக்கடையைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடக் கூடாது. கண்டல் சேற்றில் பொக்லைன் இறங்கக் கூடாது.

மனு மேசையில் இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டு போங்க. கைநாட்டும் செல்லும்.