உடம்புக் காயம் ஆறினால் போதுமா?

(கிளிநொச்சியில் குடியேறி வாழும் மலையகக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



1977, 1983 கலவரங்களுக்குப் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். சொந்தபந்தம் இன்னும் லயத்தில்தான் இருக்கிறது. கலியாணம், கருமாதி, திருவிழா என்றால் ஏ9 வீதியால் பஸ் ஏறித்தான் போய் வருகிறோம். 2025 மே 11ஆம் திகதி கொத்மலையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, நம்ம ஆட்களும் அதில் இருப்பார்களோ என்று நாம் பதறினோம்.

விபத்தில் தப்பியவரின் கட்டை அவிழ்த்ததும் "எல்லாம் சரியாப் போச்சு" என்கிறோம். மனதில் பட்ட அடியை யார் பார்க்கிறோம்? அதைத்தான் மனவடு என்கிறார்கள்.

அதை எப்படி அறிவது? விபத்து கண்முன்னே திரும்பத் திரும்ப வரும். தூக்கத்தில் அலறி எழும்புவார். ஹோர்ன் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கும். பஸ் ஏற மறுப்பார். சும்மா சும்மா கோபம் வரும். "நான் மட்டும் ஏன் தப்பினேன்" என்று தன்னையே நோவார். சிறு பிள்ளைகள் படுக்கையில் சிறுநீர் கழிப்பார்கள். விளையாட்டிலும் விபத்தையே நடித்துக் காட்டுவார்கள்.

இது விசரும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. ஆபத்து வந்தால் உடம்பு தானே உஷாராகும். ஆபத்து போன பிறகும் சிலருக்கு அந்த உஷார் அடங்குவதில்லை. வன்னியில் இன்னொன்றும் உண்டு. 2009 வரை ஷெல் சத்தத்தில் வாழ்ந்தவர்களுக்கு, டயர் வெடித்தாலே பழைய நினைவும் சேர்ந்து கிளம்பிவிடும்.

நாம் என்ன செய்யலாம்? பக்கத்தில் இருங்கள். பேச வந்தால் காது கொடுங்கள்; பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். "உனக்கு உயிர் தப்பிச்சதே பெரிசு, இன்னும் ஏன் அழுகிறாய்?" என்று கேட்க வேண்டாம். நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், கையில் சின்ன வேலை, இவையே நல்ல மருந்து. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடப் பழக்குங்கள். சாராயம் தூக்கம் தருவதுபோல இருக்கும். பிறகு பயத்தைக் கூட்டும். முதலில் பஸ் நிற்கும் இடம் வரை, பிறகு ஒரு தரிப்பிடம் வரை என்று துணையோடு கூட்டிப் போங்கள். நூல் கட்டுவது ஆறுதல் என்றால் கட்டுங்கள். அதோடு நின்றுவிட வேண்டாம்.

பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் இது தணிந்துவிடும். ஒரு மாதம் கடந்தும் குறையாவிட்டால், கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு அரச ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும். குணப்படுத்த வழி இருக்கிறது. "சாகலாம் போல இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே கூட்டிப் போங்கள்; தனியே விடாதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

முறிந்த காலுக்கு வைத்தியம் பார்க்க நாம் வெட்கப்படுவதில்லை. மனதுக்குப் பார்க்கவும் வெட்கம் வேண்டாம்.