கடன் கொப்பியும் கலப்படச் சாமானும்

(கேகாலை மாவட்டத் தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமக்குத் தெரிந்த தேயிலையிலிருந்தே தொடங்குகிறேன். ஸ்டோரில் சலித்து ஒதுக்கும் நாரும் தண்டும் கழிவுத் தேயிலை. தேயிலைச் சபையின் அனுமதி இல்லாமல் அதை வாங்கி விற்பது குற்றம். ஆனாலும் கம்பளைப் பக்கத்தில் மூட்டை மூட்டையாகப் பிடிபட்ட செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அதில் சாயம் ஏற்றி நல்ல தூளோடு கலக்கிறார்கள். அட்டைக்கடி வாங்கி நாம் பறித்த கொழுந்தின் பெயர் கெட்டால் கொழும்பு ஏலத்தில் விலை விழும். சம்பளப் பேச்சில் கம்பெனிக்காரர் முதலில் தூக்கிக் காட்டுவதும் அந்த விலையைத்தான்.

சாயத் தூளை வீட்டிலேயே பிடிக்கலாம். ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போடுங்கள். நல்ல தூள் மெல்லத்தான் நிறம் விடும். சாயம் போட்டது உடனே சிவக்கும்.

எண்ணெயில் அது நடக்காது. 2021 மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து வந்த தேங்காய் எண்ணெயில் அஃப்லாடொக்சின் இருப்பது சோதனையில் தெரிந்து, நாடே பேசியது ஞாபகம் இருக்கும். சரியாகக் காயாத கொப்பராவில் பிடிக்கும் பூஞ்சணத்தின் நஞ்சு அது. ஈரலில் புற்றுநோயைக் கொண்டுவரும். கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, தாளித்தாலும் போகாது. நம் கடையில் தகரத்திலிருந்து போத்தலில் ஊற்றித் தரும் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? லேபலும் திகதியும் உள்ள போத்தலென்றால் கேட்பதற்கு ஓர் ஆளாவது இருக்கிறார்.

பில் கேளுங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம். கேட்டால் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டமும் சொல்கிறது. ஆனால் கொப்பியில் எழுதிக் கடனுக்கு வாங்குகிற அம்மா எப்படிக் கேட்பார்? சம்பள நாள்வரை மாவும் பருப்பும் தருகிறவரும் அதே கடைக்காரர்தான். (எல்லாக் கடைக்காரரும் கள்ளரில்லை, டவுனில் ஏமாந்து வாங்கி வருகிறவர்களும் உண்டு.) அதனால் தனியாக யாரும் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம்.

சந்தேகமான சாமானைக் கொட்டிவிடாதீர்கள். பக்கட்டோடு கட்டிவைத்து, வாங்கிய திகதியையும் கடையையும் எழுதி மாதர் கமிட்டியிடம் கொடுங்கள். சங்கத்தின் பெயரில் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு நாம் எழுதுவோம். 1980ஆம் ஆண்டு உணவுச் சட்டப்படி கடையில் மாதிரி எடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. நிறை குறைந்தாலோ விலை கூடினாலோ 1977க்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் சொல்லலாம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு டிவிஷனிலிருந்தும் இரண்டு பேர், வீட்டிலுள்ள தேத்தூளில் ஒரு பிடி கொண்டு வாருங்கள். கிளாசும் தண்ணீரும் இங்கே இருக்கும்.