பங்களாவின் பிறப்பு

தமிழ்க் கவியரங்குகளில் குடிசையும் பங்களாவும் எதிரெதிரே நிற்பது வழக்கம். ஏற்றத்தாழ்வை உணர்த்த அவ்விரு சொற்களே போதும் என்பது கவிஞர் துணிபு. ஆயினும் பங்களாவும் பிறப்பால் குடிசையே.

வங்காளத்து உழவர், பெருமழை தேங்காது வழிந்தோட, மூங்கிலை வளைத்துக் கூரை வேய்ந்தனர். நடுமுகடு உயர்ந்து இருமுனையும் தாழ்ந்த அக்குடிலுக்கு 'பங்களா' என்று பெயர். வங்காளத்தது என்பதே பொருள். அந்த வளைவை லாகூர்க் கோட்டையில் ஷாஜகானின் நௌலக்கா மண்டபம் பளிங்கில் ஏற்றது. விஷ்ணுபூரில் 1655ஆம் ஆண்டுக் கோயில் செங்கல்லில் ஏற்றது. மூங்கிலின் நெகிழ்வைக் கல்லுக்குக் கற்பித்த கைகள் வியப்பிற்குரியன! பின்வந்த ஆங்கிலேயரோ வளைவை விடுத்துப் பெயரையும் ஒற்றைத் தளத்தையும் கைக்கொண்டனர். சுற்றிலும் தாழ்வாரம், அதனைச் சுற்றி ஊரைத் தொலைவில் நிறுத்தும் வளாகம்.

1870ஐ ஒட்டி இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில் ஜான் டெய்லர் என்னும் கட்டடக் கலைஞர் அதனை ஓய்வில்லமாக்கினார். 1908 முதல் அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் அஞ்சல்வழி வீடு விற்றது. பங்களாக்கள் மரமும் ஆணியுமாக இரயிலில் வந்திறங்கின.

இன்று இங்கிலாந்தில் பங்களா என்பது, படியேற இயலாத முதியோர் நாடும் சிறுவீடு. தமிழிலோ அச்சொல் ஆட்சியர் பங்களா, தோட்டத்துரை பங்களா, பயணியர் பங்களா என்று அதிகாரத்தின் வாயில்வழியே நுழைந்தது; கூரை வேய்ந்தவர் அதனுள் தென்படவில்லை.