பாடலிபுரத்து நூலும் பகுதி நான்கும்

(சுருதபஞ்சமி விழா உரை, குடிகாடு)



புட்பதந்தரும் பூதபலியும் சட்கண்டாகமத்தை ஏட்டில் எழுதி நிறைவேற்றிய நாளே சுருதபஞ்சமி. நூல்களை வெளியே எடுத்துத் தூசு தட்டி வழிபடும் இத்திருநாள், கல்லூரி விண்ணப்பங்கள் நிரப்பப்பெறும் பருவத்தில் வருவது மிகவும் பொருத்தமானது.

முதன்மைப் பாடம் எது என்பதைப் பற்றி வீடுதோறும் பல நாள் ஆலோசனை நடைபெறுகிறது. எஞ்சிய பாடங்களைப் பற்றிப் பேசுவார் இல்லை. தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பட்டப்படிப்பு ஐந்து பகுதிகளை உடையது. முதலிரண்டும் மொழிகள், மூன்றாவது முதன்மைப் பாடமும் அதன் துணைப் பாடமும். நான்காம் பகுதியில் சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, பிற துறையிலிருந்து தெரிந்தெடுக்கும் விருப்பப் பாடம் ஆகியவை அடங்கும். ஐந்தாவது நாட்டு நலப்பணி போன்ற தொண்டு. மூன்றாம் பகுதியின் மதிப்பெண்ணைத் துருவிப் பார்க்கும் பெற்றோர், நான்காம் பகுதியில் தேர்ச்சி பெற்றால் போதும் என்று விட்டுவிடுகின்றனர். "கணக்குப் படிக்கப் போனவனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்பதே பொதுவான கேள்வி.

இந்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுக்கல்வி வேண்டும் என்று 1948-49இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையிலான கல்விக்குழு வலியுறுத்தியது. அமெரிக்கக் கல்லூரிகளில் அது பழகிய முறை. ஆயினும் இதனை அயல்நாட்டுச் சரக்கு என்று தள்ளுவோர், இங்கிருந்து வடக்கே சில கல் தொலைவிலுள்ள திருப்பாதிரிப்புலியூரை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அதுவே பழைய பாடலிபுரம். பின்னாளில் அப்பர் எனப் போற்றப்பெற்றவர் தருமசேனராக வாழ்ந்த சமணப் பள்ளி அங்கிருந்ததாகப் பெரியபுராணம் கூறும். அவருக்கும் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு, பாண நாட்டுப் பாடலிகை என்னும் ஊரில் சர்வநந்தி முனிவர் லோகவிபாகம் என்னும் நூலைப் பிராகிருதத்தில் எழுதினார். அப்பாடலிகை இவ்வூரே என்பது ஆய்வாளர் கருத்து. முனிவர் அதை இயற்றினாரா, படியெடுத்தாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பிற்காலத்தில் சிம்மசூரி செய்த வடமொழி வடிவமே இன்று கிடைக்கிறது.

நூலின் இறுதியில் காலக்குறிப்பு ஒன்று உள்ளது. காஞ்சி வேந்தன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு; சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458. சனி உத்திராடத்திலும், வியாழன் இடபத்திலும், வளர்பிறைச் சந்திரன் உத்திரத்திலும் நின்ற வேளை. அரசாட்சி, ஆண்டுக் கணக்கு, வான்கோள் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நிற்கின்றன. பல்லவர் வரலாற்றின் காலக்கணிப்புக்கு இக்குறிப்பு உறுதியான ஓர் ஊன்றுகோலாயிற்று.

நூலின் பொருளோ உலக அமைப்பு. சம்புத்தீவின் விட்டம் ஒரு லட்சம் யோசனை. அதைச் சூழ்ந்த உவர்க்கடலின் அகலம் இரண்டு லட்சம். அதற்கடுத்த தீவு நான்கு லட்சம். இவ்வாறு வளையந்தோறும் இரட்டித்துச் செல்லும். இந்நூலில் 13107200000 என்னும் எண் சொற்களாலேயே எழுதப்பட்டுள்ளது. வெறுமையும் வானமும் சுழியத்தைக் குறிக்கும். உருவம் என்னும் சொல் ஒன்றைக் குறிக்கும். ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கி இலக்கங்கள் அடுக்கப்படும். இடமதிப்போடு சுழியம் வழங்கியதற்குப் பழைய சான்றுகளுள் ஒன்றாகக் கணித வரலாற்றாசிரியர் இதனைக் காட்டுவர். மாணவர்கள் வீட்டிற்குச் சென்று ஒரு லட்சத்தைப் பதினேழு முறை இரட்டித்துப் பார்க்கலாம். இதே எண் வரும்.

வடமொழி மட்டும் அறிந்தவர் இவ்வெண்ணின் முன் திகைப்பார். கணிதம் மட்டும் அறிந்தவர் வானம் ஏன் சுழியமாயிற்று என்று அறியார். வரலாறு மட்டும் கற்றவருக்குச் சனி உத்திராடத்தில் நின்றது பயன்படாது. முன்னோர் ஒருவர் தனியே எழுதிய ஏட்டைப் படிக்க இன்று நான்கு துறையினர் கூட வேண்டியிருக்கிறது.

துறை வேலியைத் தாண்டியவர் அண்மைக் காலத்திலும் இருந்தனர். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் மெய்யியல் கற்பித்தவர். பஞ்சாஸ்திகாயத்தை 1920இல் ஆங்கிலத்தில் தந்த அவரே 1936இல் நீலகேசியை உரையுடன் பதிப்பித்தார். பௌத்தம், ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம் எனப் பிறர் கொள்கைகளை எடுத்துரைத்து வாதிடும் அந்நூலுக்குத் தமிழறிவோடு மெய்யியல் பயிற்சியும் இன்றியமையாதது. அவர் தம் துறைக்குள்ளேயே அடங்கியிருந்தால் நீலகேசி இன்னும் பல காலம் ஏட்டிலேயே உறங்கியிருக்கும்.

பழம்பெருமை ஒருபுறம் இருக்கட்டும். குடிகாட்டைச் சூழச் சிப்காட் தொழிற்பேட்டை நிற்கிறது. வேதியியல் பட்டம் பெற்ற பிள்ளைகள் வேலை தேடி வரும் இடம் இது. உப்பனாற்று நீரைப் பற்றிய கவலை இவ்வூராருக்கு நெடுநாளாக உண்டு. ஆலைக்குள் நிகழும் வினையை மூன்றாம் பகுதி கற்பிக்கும். கழிவு சேரும் ஆற்றையும் அதை நம்பி வாழும் மீனவரையும் பற்றிக் கற்க இடமளிப்பது நான்காம் பகுதியே. 1991இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின் வழியாகவே சுற்றுச்சூழல் கல்வி கட்டாயமாயிற்று. நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர் உண்டு என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அப்பாடம் வெறும் சடங்காகலாமா?

இவ்வாண்டு கல்லூரியில் சேரும் பிள்ளைகளிடம் விருப்பப் பாடம் எது என்று கேட்பார்கள். எளிதில் மதிப்பெண் கிடைப்பது எது என்று தோழரைக் கேட்டு எழுதிவிட வேண்டா. கணிதம் கற்பவர் வரலாற்றையும், வேதியியல் கற்பவர் சட்டத்தையோ பொருளியலையோ, தமிழ் கற்பவர் வானியலையோ கணினியையோ கேட்டுப் பார்க்கலாம். கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பங்களை ஆராயும் அறக்கட்டளைப் பெரியோர், இனி அந்த நான்காம் பகுதியையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துப் பிள்ளையிடம் ஒரு கேள்வியேனும் கேட்குமாறு இவ்வவையின் முன் விண்ணப்பம் வைக்கப்படுகிறது.