ஒரு நொடி ஓட்டம், ஓராண்டு உழைப்பு

(அரசுப் பள்ளி ஒன்றின் அறிவியல் மன்றத் தொடக்க விழாவில் மாணவர்கள், பெற்றோரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பொறியியல் படிச்சவள் இல்லை, இதழியல் படிச்சவள். ஆனாலும் இன்னைக்கு ஒரு காரைப் பற்றித்தான் பேசப் போறேன். ஒரு சாண் நீளம்தான் இருக்கும்.

பிரிட்டனில் தொடங்கி, 'எஃப்1 இன் ஸ்கூல்ஸ்' என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவிய மாணவர் போட்டி அது. இப்போது 'ஸ்டெம் ரேசிங்' என்கிறார்கள். 2005-ல் முதல் உலக இறுதிச் சுற்று நடந்தது. 9 முதல் 19 வயது வரை உள்ள மாணவர்கள், 3 முதல் 6 பேர் கொண்ட அணியாகச் சேர்ந்து, காரைக் கணினியில் வரைந்து, இயந்திரத்தில் செதுக்கி, 20 மீட்டர் தடத்தில் ஓட விடுவார்கள்.

இதில் பெட்ரோலும் இல்லை, பேட்டரியும் இல்லை. காரின் பின்பக்கம் 8 கிராம் கார்பன் டை ஆக்சைடு அடைத்த சின்ன உருளை இருக்கும். ஊசி அதைத் துளைத்ததும் வாயு பின்னால் பீறிடும், கார் முன்னால் பாயும். ஊதிய பலூனை முடிச்சு போடாம விட்டா என்ன ஆகும்? அதே நியூட்டனின் மூன்றாம் விதிதான். நல்ல அணிகளின் கார்கள் ஏறக்குறைய ஒரு நொடியில் 20 மீட்டரைக் கடந்துவிடும். சராசரியாக மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம்!

எல்லா அணிக்கும் அதே 8 கிராம் வாயுதான். அப்போ வித்தியாசம் எங்கே வருது? எடை, காற்றுத் தடை, சக்கர உராய்வு. எடையைக் குறைத்துக்கொண்டே போகவும் முடியாது. விதியில் சொன்ன அளவுக்குக் கீழே போனால் மதிப்பெண் பறிபோகும்.

இன்னொன்று, வேகமான கார் மட்டும் கோப்பை வாங்கித் தராது. வடிவமைப்புக் குறிப்பேடு, மேடைப் பேச்சு, நிதி திரட்டிய விதம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. "இந்த இறக்கையை ஏன் இப்படி வச்சீங்க?" என்று நடுவர் கேட்டால், பதில் மாணவர் வாயிலிருந்துதான் வரணும்.

இங்கேதான் என் கதையைச் சொல்லணும். எட்டாம் வகுப்பு அறிவியல் கண்காட்சியில் நான் ஒரு காற்றாலை மாதிரி வச்சேன். கடையில் வாங்கியது, ஒட்டியது அப்பா. பரிசும் கிடைச்சது. ஆனா ஆறாம் வகுப்புப் பையன் ஒருத்தன் வந்து, "அக்கா, இதுக்கு ஏன் மூணு இறக்கை?" என்று கேட்டான். எனக்குத் தெரியலை. அந்தப் பரிசை இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் காட்டினதில்லை.

அதனால், பெற்றோரே, பிள்ளைக்காக மாதிரியைக் காசு கொடுத்து வாங்காதீங்க. அட்டை, பாட்டில் மூடி, பலூன் போதும். 5 மீட்டர் தூரம் அளந்து கோடு போடுங்க. உங்க கைப்பேசியில் மெதுவான வீடியோ எடுத்து நேரம் பாருங்க. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்யச் சொல்லுங்க, முடிவை நோட்டில் எழுதச் சொல்லுங்க. வாயு உருளையை மட்டும் வீட்டில் தொடவே வேண்டாம், ஆபத்து.

உங்கள் பள்ளியில் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருந்தால், அங்கே முப்பரிமாண அச்சு இயந்திரம் இருக்கும். ஆசிரியரிடம் கேட்டுப் பயன்படுத்துங்கள். கல்லூரிக்குப் போனதும் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயை நினைவில் வையுங்கள். மாணவர்களே கட்டிய, ஒருவர் உட்கார்ந்து ஓட்டும் கார்கள் அங்கே 'ஃபார்முலா பாரத்' போட்டியில் ஓடுகின்றன. அங்கேயும் வடிவமைப்பு, செலவுக் கணக்கு பற்றி நடுவர்கள் குடைந்து குடைந்து கேட்பார்கள்.

கார் தோற்கலாம், பரவாயில்லை. ஏன் தோற்றது என்று உங்க பிள்ளைக்குச் சொல்லத் தெரிஞ்சா, அடுத்த கார் இன்னும் நல்லா ஓடும்.