பந்தும் எல்லைக்கோடும்

ஐரோப்பியக் கழகங்களின் கூடைப்பந்துக் கோப்பைப் போட்டி 1958-இல் தொடங்கியது. அரையிறுதியில் ரிகா நகர ராணுவ அணியைச் சந்திக்க வேண்டிய ரியல் மாட்ரிட், ஆடாமலே விலகிற்று. சோவியத் நாடு செல்ல ஃபிராங்கோவின் அரசாங்கம் அனுமதிக்கவில்லை. ரிகா கோப்பையை வென்றது. 1962 இறுதியாட்டத்தில் திபிலிசி அணி 90–83 என மாட்ரிட்டை வென்றதும் நடுநிலை நகரான ஜெனீவாவிலேதான்.

மறு ஆண்டு கதவு திறந்தது. மாட்ரிட்டில் ஸ்பானியர் 86–69 என வென்றனர். மாஸ்கோவில் அந்நகர ராணுவ அணி 91–74 என வென்றது. கூட்டினால் இரு தரப்புக்கும் 160! மூன்றாம் ஆட்டமும் மாஸ்கோவில் நடந்தது. கோப்பை மாஸ்கோவுக்கே சேர்ந்தது. மாட்ரிட் தோற்றது மெய்யே. ஆயினும், 1958-இல் மறுக்கப்பட்ட ஒன்று அதற்குக் கிட்டிற்று: களத்தில் நின்று ஆடித் தோற்கும் உரிமை.