விதைக்கு ஒரு காம்பரா

(தோட்டப் பிள்ளைக்காம்பராவில் நடந்த மாதர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய பேச்சு)



கொழுந்து நிறுத்துவிட்டு களைப்போடு வந்திருக்கிறீர்கள். நீட்டி முழக்கப் போவதில்லை. போன கூட்டத்தில் ஒரு அக்கா எழும்பி, "வீட்டுத்தோட்டத்துக்கு விதைப் பக்கட் எப்ப குடுப்பீங்க?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பேச்சு. ஆனால் பதில் கொஞ்சம் தூரம் சுற்றி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடதுருவத்திலிருந்து ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் தள்ளி, நோர்வே நாட்டுக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே ஒரு மலையைக் குடைந்து, நூறு மீட்டருக்கு மேல் உள்ளே போய், மூன்று அறைகள் கட்டியிருக்கிறார்கள். தங்கம் வைக்க அல்ல, விதை வைக்க. 2008 பெப்ரவரி 26ல் திறந்தார்கள். நெல், கோதுமை, சோளம், பயறு என்று இன்றைக்கு 13 லட்சத்துக்கு மேற்பட்ட விதை மாதிரிகள் அங்கே இருக்கின்றன. உள்ளே குளிர் மைனஸ் 18 பாகை. மின்சாரம் நின்றாலும் அந்த மலை தானே உறைந்து கிடக்கிற மலை, சட்டென்று சூடேறாது. உலகத்தில் பல நாடுகளில் விதைக் களஞ்சியங்கள் உண்டு. அங்கே யுத்தமோ, நெருப்போ, வெள்ளமோ வந்தால் திருப்பி எடுக்க ஒரு மறுபிரதி, அவ்வளவுதான். எந்தக் களஞ்சியம் வைத்ததோ அந்தக் களஞ்சியம்தான் எடுக்கலாம். வாடகை கிடையாது.

"அது வெள்ளைக்காரன் ஊர்ச் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நாம் தினமும் ஆக்குகிற மைசூர்ப் பருப்பு இருக்கிறதே, அதன் கதையைக் கேளுங்கள்.

பருப்பு, கடலை, கோதுமை, வாற்கோதுமை ஆகியவற்றின் பழைய ரகங்களைச் சேர்த்து வைத்த பெரிய நிலையம் ஒன்று சிரியா நாட்டில் அலெப்போ நகரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. 2011ல் அங்கே உள்நாட்டு யுத்தம் தொடங்கியது. நிலையத்தில் வேலை செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். தங்கள் விதைகளில் பெரும்பகுதிக்கு மறுபிரதி எடுத்து ஸ்வால்பார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு அந்த இடத்தில் வேலை செய்ய முடியாமல் போயிற்று. 2015ல் நோர்வே மலைக்குள் இருந்து 38,000 மாதிரிகளைத் திருப்பிக் கேட்டார்கள். லெபனானிலும் மொரோக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017ல் புது விதையைத் திரும்பவும் மலைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த மலையிலிருந்து முதன்முதல் விதை வெளியே வந்தது அப்போதுதான். உலகம் அழியவில்லை பாருங்கள், ஒரு ஊர்ச் சண்டைதான். அதற்கே தேவைப்பட்டது.

இதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. ரஷ்யாவில் வவிலோவ் என்றொரு விஞ்ஞானி. பல கண்டங்களில் அலைந்து விதை சேர்த்தவர். அரசாங்கம் அவரை 1940ல் பிடித்து அடைத்தது. 1943ல் சிறையிலேயே பட்டினியால் செத்தார். அவர் சேர்த்த விதையெல்லாம் லெனின்கிராட் நகரத்தில் இருந்தது. 1941 செப்டெம்பரில் ஜெர்மன் படை அந்த நகரத்தைச் சுற்றி வளைத்தது. அந்த மாரியில் பலருக்கு நாளைக்கு 125 கிராம் பாண்தான் கிடைத்தது. நம் ஒரு றாத்தல் பாணில் கால்வாசியை விட கொஞ்சம் கூட. நிலையத்து ஆட்கள் மூட்டை மூட்டையாய் அரிசியும் கடலையும் கிழங்கும் வைத்துக்கொண்டு, அதில் கை வைக்காமல் ஒவ்வொருவராய்ச் செத்தார்கள். நெல் பகுதியைப் பார்த்த திமித்ரி இவானொவ் என்பவர் சாகும்போது அவரைச் சுற்றி ஆயிரக்கணக்கான அரிசிப் பக்கட்டுகள் இருந்தன.

இதை வாசித்தபோது எங்கள் ஒப்பிஸில் ஒரு விவாதமே நடந்தது. பிள்ளை பசியில் கிடக்கும்போது விதை நெல்லைப் பார்த்துக்கொண்டு இருப்பதா என்று ஒருவர் கேட்டார். எங்களாலும் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் யோசியுங்கள்.

சரி, மலைநாட்டுக்கு வருவோம். இங்கே முதலில் இருந்தது தேயிலை அல்ல, கோப்பி. நம் முன்னோர் நடந்து வந்தது கோப்பிக்குத்தான். 1869ல் கோப்பி இலையில் மஞ்சளாய் ஒரு துரு விழுந்தது. இருபது வருஷத்துக்குள்ளே லட்சக்கணக்கான ஏக்கர் போச்சு. எல்லா மலையிலும் ஒரே மாதிரிச் செடி. ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வந்தது. தாங்கி நிற்கிற வேறு இனம் கையில் இல்லை. துரைமார் தேயிலைக்கு மாறினார்கள், சிலர் கப்பலேறினார்கள். நம் ஆட்களுக்கு வேலையும் போச்சு, ஊருக்குப் போக வழியும் இல்லை.

இன்றைக்கு மலையில் பாருங்கள். பழைய விதைத் தேயிலை ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு சாதி. கொழுந்து எடுக்கிற உங்கள் கைக்கு அது தெரியும். வி.பி. தேயிலை தவறணையில் வெட்டி வைத்த ஒரே தாயின் பிள்ளைகள். கொழுந்து கூட வரும், உண்மைதான். ஆனால் பழைய செடியைப் பிடுங்கிப் போட்டால் அதன் சாதி போச்சு. தேயிலை விதையைக் காயவைத்துக் குளிரில் வைக்கவும் முடியாது, காய்ந்தால் செத்துவிடும். பலாக்கொட்டையும் அப்படித்தான். அதனால் தேயிலைச் சாதிகளை உயிர்ச்செடியாகவே நிலத்தில் காப்பாற்ற வேண்டும். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் அப்படி வைத்திருக்கிறார்கள். நெல், காய்கறி, பயறு விதைகளுக்குப் பேராதனைப் பக்கம் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் களஞ்சியம் இருக்கிறது. ஜப்பான் உதவியில் கட்டியது.

இனி எங்கள் பிழையைச் சொல்ல வேண்டும். 2022ல் நெருக்கடி வந்து, மாவுக்கும் பருப்புக்கும் விலை ஏறி, நாம் எல்லாரும் தவித்தோமே, அப்போது நாங்கள் லயம் லயமாய்ப் போய் விதைப் பக்கட் பங்கிட்டோம். போட்டோ எல்லாம் பிடித்தோம். அந்தப் போகம் நன்றாய்த்தான் காய்த்தது. நீங்கள் அதிலிருந்து விதை எடுத்து மறுபோகம் போட்டீர்கள். தக்காளி ஒன்று பெரிசு ஒன்று சிறிசு, மிளகாய் காய்க்கவே இல்லை. "ஐயா ஏமாத்திட்டாங்க" என்று பேச்சு வந்தது. பக்கட்டில் பல கலப்பு விதை. கலப்பு விதையின் பிள்ளை தாயைப் போல இராது. அதை நாங்கள் உங்களுக்குச் சொல்லவில்லை. எங்களுக்கே அப்போது தெரியாது என்பதுதான் வெட்கம். இதைவிட மோசம், பக்கட் வந்த தைரியத்தில் பலர் வீட்டில் இருந்த பழைய விதையைப் போடாமல் விட்டுவிட்டார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் அது முளைப்புச் செத்துவிட்டது.

கீழ் லயத்தில் ஒரு அம்மாயி வீட்டில் கறுப்புப் போஞ்சி இருந்தது. அவருடைய மாமியார் காலத்துக் கொடி. பனிக்கும் மழைக்கும் தாங்கும். 2025 நவம்பரில் டித்வா புயலோடு மண் சரிந்தபோது அந்த லயத்து ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு ஓடினார்கள். உயிர் தப்பியது பெரிய காரியம். போஞ்சிப் பேணியை யார் நினைப்பார்? திரும்பிப் போனபோது தோட்டமும் இல்லை, பேணியும் இல்லை. அம்மாயி வீட்டை விடப் போஞ்சிக்குத்தான் கூட அழுதார் என்று சொன்னால் நம்புவீர்களா? பிறகுதான் ஞாபகம் வந்தது, பேத்தியைப் பக்கத்து டிவிசனுக்குக் கட்டிக் கொடுத்தபோது ஒரு கை விதை கொடுத்துவிட்டிருந்தார். தேடிப் பார்த்ததில் ஒன்பது விதை கிடைத்தது. போட்டதில் ஐந்து முளைத்தது. கொடி இப்போது பிள்ளைக்காம்பரா வேலியில்தான் ஏறுகிறது. வெளியே போகும்போது பாருங்கள், தயவுசெய்து பிஞ்சு பறிக்காதீர்கள்.

ஆகவே பக்கட் எப்போது என்று கேட்ட அக்காவுக்குப் பதில்: இந்த முறை பக்கட் கொஞ்சமாய்த்தான் வரும், கலப்பா இல்லையா என்று எழுதித்தான் கொடுப்போம். மற்றதை நம்மிடமிருந்தே சேர்ப்போம். போஞ்சி, பயற்றங்காய், அவரை, கீரை எது பழசாய் வீட்டில் இருந்தாலும் சரி. நல்ல செடியில் இரண்டு மூன்றை விதைக்கென்று விட்டுவிடுங்கள், காய் கொடியிலேயே காயட்டும். உரித்த விதையை ஏறுவெயிலில் மட்டும் காயப்போடுங்கள், தகரத்தில் போட்டு வாட்டாதீர்கள். பல்லில் கடித்தால் பதியாமல் டக்கென்று உடைய வேண்டும். ஈரத்தோடு பொலித்தீனில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்த சாம்பல் கலந்து, மூடி இறுகின போத்தலில் போட்டு, பெயரும் மாதமும் எழுதுங்கள். அடுப்புக்கு மேலே வைப்பது வண்டுக்கு நல்லது, ஆனால் சூடு பட்டால் விதையின் ஆயுள் குறையும். போத்தலில் போட்டபின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை விதைத்துப் புதுப்பிக்க வேண்டும்.

பாதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மற்றப் பாதியை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். இங்கே மருந்து அலுமாரியின் கீழ்த் தட்டை ஒழித்து வைத்திருக்கிறோம். ஒரு பங்கு இங்கே இருக்கும், ஒரு பங்கு மேல் டிவிசன் பிள்ளைக்காம்பராவுக்குப் போகும். யார் கொடுத்தது என்று கொப்பியில் எழுதுவோம், கொடுத்தவர் கேட்டால் முதல் அவருக்குத்தான். சாவி ஆயாம்மாவிடம் இருக்கும், எங்களிடம் அல்ல.